இரண்டு கரண்டி சிமெண்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில், கட்டுமானப் பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் லேப்பில் எனக்கு உதவியாளர் வேலை. மணல் சலிப்பது, ஜல்லி சுமப்பது, கலவை போடுவது, இரும்பு அச்சுகளைக் கழுவி எண்ணெய் தடவி வைப்பது, இவ்வளவுதான்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். பிறந்தது படப்பை பக்கம். அதன் பிறகு நிலையாக நின்ற இடம் என்று ஒன்றும் இல்லை. பம்மலில் கல் உடைக்கும் கிரஷரில் இரண்டு வருடம், லாரியில் கிளீனராக ஒரு வருடம், ஓசூர், திருப்பூர், நடுவில் குஜராத்தில் ஓர் உப்பளம், கடைசியாகக் கேரளத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை. அங்கே பலகை சரிந்து விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுத்திருந்தேன். பிறகு உயரத்தில் ஏற முடியவில்லை. இரும்புலியூரில் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த அறையில் ஒரு மூலை கிடைத்தது, இந்த வேலையும் கிடைத்தது. இதைக் கஷ்டம் என்று சொல்ல வரவில்லை. கட்டட வேலையில் நான் எங்கே என்ன கற்றேன் என்பது தெரிந்தால்தான் பின்னால் நான் செய்த காரியம் புரியும்.

ஒரு நாள் காலை, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இரண்டு கோணி மூட்டைகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவி வந்து இறங்கினாள். மூட்டையைப் பிரித்தால் உடைந்த செங்கல், கான்கிரீட் துண்டு, சுண்ணாம்பு ஒட்டிய காரை.

“இன்னாம்மா, வூட்டையே இடிச்சி எடுத்துக்கினு வந்துட்டியா?” என்றேன்.

“எங்க வீடு இல்லைண்ணா. மேற்குத் தாம்பரத்துல பழைய வீட்டை இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டறாங்க. ‘தாராளமா எடுத்துட்டுப் போம்மா, எங்களுக்கு லாரி லோடு குறையும்’னு சொன்னாங்க.”

அவள் கட்டடக்கலையில் மேல்படிப்பு, கடைசி வருடம். படிப்பின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். பூமியை ரொம்பக் கெடுக்காமல் கட்டுவது எப்படி, அதற்குப் புதுத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் அதன் சாரம். இடித்த வீட்டுக் குப்பையை நொறுக்கி ஜல்லிக்குப் பதிலாகப் போட்டு, சிமெண்டில் பெரும்பகுதியைக் குறைத்து அனல் மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து, சுவர் கட்டும் கல் செய்ய வேண்டும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

“எதுக்கும்மா இந்தப் பாடு? ஜல்லிக்கா பஞ்சம்?” என்று கேட்டேன். அவள் ஜன்னல் வழியாகத் தூரத்தில் திருநீர்மலை இருக்கும் திசையைக் காட்டினாள். “அது கோயில் இருக்கறதால தப்பிச்சுது. இந்தப் பக்கம் இருந்த மத்த குன்றெல்லாம் எங்கேண்ணா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போயின என்று எனக்குத்தான் தெரியுமே. பம்மலில் இரண்டு வருடம் அவற்றை இயந்திரத்தின் வாயில் கொட்டியவன் நான்.

ஆராய்ச்சி செய்து புத்தகமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண் அப்படி இல்லை. வளாகத்தைப் பெருக்கும் பெண்கள் பத்துப் பேருக்கும் உட்கார இடம் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சேலை மாற்றவும் அதே இடம்தான், ஒருத்தி துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர்களுக்கு ஓர் அறை கட்ட வேண்டும், அதுவும் தன் கல்லை வைத்தே கட்ட வேண்டும் என்று இவள் துறைத் தலைவி மேடத்திடம் கேட்டிருந்தாள். கல்லின் வலு போதுமான அளவு வந்தால் கட்டலாம் என்று மேடமும் ஒப்புக்கொண்டிருந்தார்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தால் எவ்வளவு நீளம், சுவரில் சாய்ந்தால் தலை எங்கே முட்டுகிறது என்று அளந்தாள். அவர்களில் மூத்தவரான ஓர் அக்கா வாய்க்காரி. “இன்னா கண்ணு, சவப்பெட்டிக்கு அளவு எடுக்கறியா?” என்று கேட்க, பத்துப் பேரும் சிரித்ததில் டேப் கை நழுவி உருண்டது. இவளும் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.

ஒருமுறை தன் லேப்டாப்பைத் திறந்து அந்த அறையை எனக்குக் காட்டினாள். இன்னும் கட்டாத அறைக்குள் வெயில் நகர்ந்தது. காலையில் நீலமாக இருந்த மேற்குச் சுவர் பிற்பகலில் சிவப்பாகக் கொதித்தது. அங்கே ஜன்னலை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னத் துளைகள் வைத்ததும் சிவப்பு குறைந்தது. தகர ஷெட்டில் படுத்து முதுகு வெந்த ராத்திரிகள் எனக்கு எத்தனையோ உண்டு. எந்தச் சுவர் ஏன் சுடுகிறது என்று கட்டுவதற்கு முன்னாலேயே பார்க்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. “இதைக் கண்டுபுடிச்சவன் தகரக் கொட்டாயில படுத்திருப்பான்” என்றேன். “இருக்கும்ணா” என்றாள்.

ஆனால் கல் சரியாக வரவில்லை.

கலவையின் வலுவைப் பார்ப்பதற்குக் கியூப் போடுவோம். சதுரமான இரும்பு அச்சில் கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் முப்பத்தைந்து தடவை குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் பாதியையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் எடுத்து இயந்திரத்தில் நசுக்கிப் பார்த்தால், எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று முள் காட்டும். அவளுடைய கியூப்கள் நான்கு முறையும் சீக்கிரமே உடைந்தன. வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து ஆராய்ச்சியை மதிப்பிடும் நாளை ஜூரி என்பார்கள். அதற்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. ஐந்தாவது முயற்சிதான் கடைசி. இதுவும் தவறினால் அறை கிடையாது, படிப்பும் ஆறு மாதம் தள்ளிப் போகும்.

அந்த ஐந்தாவது கலவையைத் தட்டில் நான் கிளறிக்கொண்டிருந்தபோது, மேடம் கையெழுத்துக்குக் கூப்பிடுவதாகப் போன் வந்தது. “அஞ்சு நிமிஷம்ணா, வந்துடறேன்” என்று ஓடினாள்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பக்கத்தில் பிரித்து வைத்திருந்த சிமெண்ட் மூட்டையிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிக் கலவையில் போட்டேன். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டேன்.

சைட்டில் வேலை செய்தவர்களுக்கு இது அதிசயமே இல்லை. கியூப் எடுக்க ஆள் வருகிறான் என்றால் மேஸ்திரி அதற்கென்று தனியாகக் கொஞ்சம் கலவை போடச் சொல்வார். “கியூப்புன்றது பொண்ணு பாக்கப் போற அன்னிக்குப் போட்டுக்கினு போற சட்டைடா. தெனமும் அதையா போடுவ?” என்பார் ஒரு மேஸ்திரி. நான் வேலை செய்த பல ஊர்களில் இதுதான் வழக்கம். எனக்கு அது தப்பாகவே தோன்றியதில்லை. தன் ஆளுக்குச் செய்யும் உதவி என்றுதான் நினைத்தேன். இவ்வளவு நல்ல பெண் தோற்றுப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

அவள் திரும்பி வந்து கலவையைத் தொட்டுப் பார்த்தாள். “கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கேண்ணா?”

“வெயில்ம்மா. காஞ்சிகினு போவுது. சீக்கிரம் அச்சுல போடு.”

ஏழாம் நாள் முள் ஏறிக்கொண்டே போனது. லேப் பொறுப்பாளர் சாரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலை எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தாள். இருபத்தெட்டாம் நாள் இன்னும் நன்றாக வந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். மரத்தடியில் சுண்ணாம்புப் பொடியால் அறையின் அளவு கோடு போட்டார்கள். பெருக்கும் அக்கா கோட்டுக்குள் போய் நின்று, “இது என் மூலை, யாராச்சும் வந்தீங்க, தொடப்பம்தான்” என்று மற்றவர்களை மிரட்டினார்.

எனக்கும் பெருமையாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்த பெருமை.

அறைக்கான கற்கள் வளாகத்திலேயே தயாராகிக்கொண்டிருந்தன. ஏழாம் நாள் கியூப் நன்றாக வந்த நம்பிக்கையில் முன்கூட்டியே வார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவற்றையும் சோதித்த பிறகுதான் கட்ட வேண்டும் என்பது முறை. ஆனால் ஜூரிக்கு முன்னால் சுவர் இடுப்பு உயரமாவது எழ வேண்டும் என்ற அவசரம். கியூப் இவ்வளவு நன்றாக வந்த பிறகு என்ன சந்தேகம் என்று சார் தலையாட்டிவிட்டார்.

கற்களை வண்டியில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவதோ நான்காவதோ கல்லைத் தூக்கும்போது அதன் மூலை என் கையோடு வந்துவிட்டது. விரலால் நசுக்கினேன். உதிர்ந்தது. இந்தக் கல்லுக்கு என் இரண்டு கரண்டி போகவில்லை. அது கியூபுக்கு மட்டும்தான் போயிருந்தது.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கற்களை இறக்கும்போது அந்த அக்கா ஒன்றைத் தட்டிப் பார்த்து, “இன்னாடா, பிஸ்கோத்து மாதிரி கீது. சோறு துன்னும்போது தலை மேல விழாதே?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாணவி, “அதெல்லாம் விழாதுக்கா. அண்ணன் போட்ட கியூப். நாங்க மெஷின்ல வெச்சுப் பார்த்துட்டோம்” என்று சொல்லி, கையில் இருந்த சோதனைத் தாளை என்னிடம் நீட்டினாள். “உங்ககிட்ட காட்டணும்னு இருந்தேண்ணா. இங்க பாருங்க.”

அச்சடித்த தாள். வலு எவ்வளவு என்ற எண்களுக்குப் பக்கத்தில், வார்த்தவர் யார் என்ற கட்டத்தில், என் பெயர். எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் பெயரைக் கூட்டிப் படிக்க அவசியம் இல்லை. அதுவரை என் பெயர் இப்படி அச்சில் வந்ததே கிடையாது. நான் கட்டிய கட்டடங்கள் ஏழெட்டு ஊர்களில் நிற்கின்றன. எதிலும் என் பெயர் இல்லை. இருந்த ஒரே இடத்தில் அது ஒரு பொய்க்குப் பக்கத்தில் இருந்தது.

கேரளத்தில் என் கால் மேல் விழுந்த பலகை ஞாபகம் வந்தது. அதையும் யாரோ ஒருவன், ‘தாங்கும்’ என்று சொல்லித்தான் நிறுத்தியிருப்பான்.

மறுநாள் அவள் தண்ணீர்த் தொட்டியருகே தனியாக இருந்தபோது போய் நின்றேன்.

“ஒண்ணு சொல்லணும்மா. கோச்சிக்காத.”

சொன்னேன். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் சத்தத்தோடு போனது. திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

“எத்தனை கரண்டிண்ணா?” என்றாள்.

“ரெண்டு.”

“தலை தட்டியா, குமிச்சா?”

“குமிச்சி.”

“அந்தக் கரண்டியைக் கொண்டு வாங்க.”

அதே கரண்டியால் அதே மாதிரி இரண்டு தடவை அள்ளச் சொன்னாள். தராசில் வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு, “வந்துடறேன்ணா” என்று போனாள். நெடுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். “யாருக்கும் தெரியாதும்மா. கல்லுலயும் கமுக்கமா சிமெண்டை ஏத்திடலாம். தாள்ல இருக்கறது அப்படியே இருக்கட்டும். நீ நல்லா வரணும்னுதான் நான்...”

“அந்த ரூம்ல உக்காரப் போறது நான் இல்லையேண்ணா” என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். பின்னாலேயே போய்க் கதவருகே நின்றேன். அவள் சோதனைத் தாளை மேஜையில் வைத்து, அது செல்லாது என்று சொல்வது கேட்டது. யார் செய்தது என்று மேடம் கேட்டார். என் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

“கலவையை விட்டுட்டு அஞ்சு நிமிஷம் வெளிய போனது நான்தான் மேடம். என் மிக்ஸை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கணும்.”

அதற்கு மேல் என்னால் வெளியே நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நான்தான் போட்டேன் என்று சொன்னேன். லேப் சாரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “யோவ், இது என்ன உன் சைட்டா? நாளையிலிருந்து வராதே” என்றார். நியாயம்தான். எனக்கு வேலை போவது புதிது இல்லை, ஒரு பையில் என் சாமான் எல்லாம் அடங்கிவிடும்.

அந்தப் பெண்தான் குறுக்கே பேசினாள். “சார், இவர் சொல்லலைன்னா இந்நேரம் சுவர் எழும்பியிருக்கும். மறுபடி கியூப் போடணும். இவர் மாதிரி கை யாருக்கும் வராது.”

மேடம் சோதனைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “போட்டவரே போடட்டும். ஆனா நீ பக்கத்துல இருந்து நகரக் கூடாது” என்று அவளிடம் சொன்னார்.

அந்த வருடம் அவளால் ஜூரியில் நிற்க முடியவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போனது. வார்த்த கற்களைத் திரும்பவும் நாங்களே உடைத்தோம். அந்த அக்காக்களிடம் போய் அறைக்கு இன்னும் நாளாகும் என்று சொன்னதும் அவள்தான். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அக்கா விடவில்லை. “பின்னாடி நிக்கறானே, அவனை இப்படி வரச் சொல்லு. டேய், நல்லது பண்றேன்னு எவனாச்சும் கெளம்பினா எனக்கு வயித்தக் கலக்குதுடா” என்றார். அதைவிடச் சரியாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

இவ்வளவிலும் எனக்கு மறக்கவே முடியாதது ஜூரி நடந்த நாள்தான். அவளுடைய வகுப்புத் தோழிகள் பட்டுச் சேலையில், அட்டையில் செய்த கட்டட மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துக்குப் போனார்கள். இவள் பழைய சுடிதாரில், தலையில் துணி கட்டிக்கொண்டு, என்னோடு லேப்பில் கியூப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கணக்கையே மாற்றியிருந்தாள். சிமெண்டை அளந்து கொஞ்சம் கூட்டியிருந்தாள். அறையின் படத்தையும் திருத்தி, கூரையின் பாரத்தை இரும்புத் தூண்கள் சுமக்கும்படியும், சுவர் தன்னைத் தானே தாங்கினால் போதும்படியும் வரைந்திருந்தாள். ‘கல்லால முடியாததை அது மேல ஏத்தக் கூடாதுண்ணா’ என்றாள்.

நான் கம்பியால் குத்த, அவள் வாய்விட்டு எண்ணினாள். மூன்றாவது அடுக்கு. பக்கத்து அரங்கத்தில் யாரோ நன்றாகப் பேசி முடித்திருக்க வேண்டும், கைதட்டல் பெரிதாகக் கேட்டது. அவள் எண்ணுவது ஒரு நொடி நின்றது.

“முப்பத்தி ரெண்டா, முப்பத்தி மூணாண்ணா?”

“மூணுதாம்மா. ஒண்ணு முன்ன பின்ன இருந்தா இன்னா கெட்டுப் போவுது?”

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு நானே அந்த அச்சைக் கவிழ்த்துக் கலவையைத் தட்டில் கொட்டினேன். முதல் அடுக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அரங்கத்தில் திரும்பத் திரும்பக் கை தட்டினார்கள். அவள் குரலை உயர்த்தி எண்ணிக்கொண்டே இருந்தாள். நடுவில் தோழிகள் வந்து வகுப்புப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அச்சு முடியட்டும் என்று சொல்லி, முடித்துவிட்டு, கையில் சாம்பலோடு போய் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தாள்.

அன்று மாலை தாளை நிரப்பும்போது, “என் பேரை எழுதாதம்மா” என்றேன்.

“நீங்கதானேண்ணா போட்டீங்க” என்று சொல்லி எழுதினாள்.

இருபத்தெட்டாம் நாள் முள் முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறவில்லை. தேவையான கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. இந்தத் தடவை வார்த்த கற்களையும் சோதித்தார்கள். அவையும் தாண்டின. ஆறு மாதம் கழித்து அவள் ஜூரியில் நின்றாள். தன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அந்தப் பழைய எண்களையும் போட்டிருந்தாள், குறுக்கே கோடு அடித்து, எவ்வளவு சிமெண்ட் கூடுதலாகப் போனது, ஏன் செல்லாது என்ற விவரத்தோடு. அந்தப் பக்கத்தில் மட்டும் என் பெயர் இல்லை.

அறை இப்போதும் அந்த மரத்தடியில் நிற்கிறது. அக்கா, தான் சொன்ன மூலையில்தான் சாய்ந்து உட்காருகிறார். மேற்குச் சுவரின் துளைகள் வழியாகக் காற்று வருகிறது. பிற்பகலில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன், சுடுவதில்லை.

நான் அங்கே அதிகநாள் இருக்கவில்லை. கால் ஓரளவு சரியானதும் வழக்கம்போலக் கிளம்பிவிட்டேன். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு பெரிய சைட்டில் கியூப் போடும் வேலை. போன மாதம் மேஸ்திரி, சோதிக்க ஆள் வருகிறான், கொஞ்சம் நல்லதாகக் கலக்கு என்றார். மாடிக்குப் போகிற கலவையிலிருந்துதான் எடுப்பேன் என்றேன். பைத்தியக்காரன் என்றார். அது போகட்டும். அடுக்குக்கு முப்பத்தைந்து என்று நான் இப்போதும் வாய்விட்டு எண்ணித்தான் குத்துகிறேன், இடையில் எண்ணிக்கை தவறினால் யாரும் பார்க்காவிட்டாலும் அச்சைக் கவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தப் பெண் என் பெயரை இரண்டாவது தடவை எழுதியதற்கு நான் திருப்பிச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான்.